வயரை முந்துன மெஷின்

எங்கண்ணனைக் கம்பத்துல கட்டி வச்சு அடிக்கிறாங்கன்னு கண்டக்டர் வந்து சொன்னப்ப, நாயுடுபுரத்து ஆபீசுல நான் ஒரு பிரிண்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேன். கவுஞ்சியில இருந்து பத்து மணிக்கு மேல எறங்கி வர்ற பஸ்ஸோட கண்டக்டர் அவரு. உள்ள வரல, வாசல்லயே நின்னாரு.

"தாயி, ஒங்கண்ணன ஊர்க்காரங்க கட்டிப் போட்டிருக்காங்க. நான் பாக்கையிலயே வலது கை ஒரு தினுசாத் தொங்குச்சு."

"பாத்துட்டு விசில் அடிச்சு வண்டிய எடுத்துட்டு வந்துட்டீங்களாக்கும்?"

"வண்டி நெறையா சனம் தாயி. நான் ஒருத்தன் எறங்கி என்ன செய்ய?"

பாவம், சேதி சொல்லணும்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து மழையில நடந்து வந்த மனுசன். அவரத் திட்டியிருக்கக் கூடாதுதான். ஆனா அந்த நேரத்துல என் முன்னால நின்னவரு அவருதான். எனக்குக் கோவம் வந்தா கிட்ட நிக்கிறவங்களுக்குத்தான் கேடு, இத எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. கொடைய எடுத்தேன், ஒரு புது வயரையும் வயர் கடிக்கிற கொறட்டையும் பையில போட்டேன், பூம்பாறைக்குப் பூண்டு ஏத்தப் போற ஒரு ஜீப்ப மறிச்சு ஏறிட்டேன். டிரைவரு மன்னவனூருக்கு மேல வரமாட்டேன்னாரு. என் மூஞ்சியப் பாத்துட்டுக் கவுஞ்சி வரைக்கும் ஓட்டுனாரு.

நாங்க சிலோன் தோட்டத்துல இருந்து கப்பலேறி வந்த குடும்பம். வர்றப்ப நான் கைப்புள்ள. அண்ணனுக்கு வெவரம் தெரியுற வயசு. அங்க லயத்துல கெடந்தோம், இங்க வந்தும் லயந்தான். ஒரே கூரைக்குக் கீழ வரிசையா அற, ஒரு அறைக்கு ஒரு குடும்பம், பக்கத்து வீட்டுக்காரன் இருமுனா நம்ம வீட்டுப் புள்ள முழிச்சுக்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சு, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு, கொடைக்கானல்ல காய்கறி போடுறவங்களுக்குன்னு ஏற்பட்ட ஒரு சங்கத்துல வேலைக்குச் சேந்துட்டேன். அண்ணன் எஸ்டேட்டுலயே நின்னுட்டான். கலியாணமாகி ரெண்டு புள்ள பெத்தப்புறமும் அதே அறதான்.

சங்கத்துல ஒரு ஏற்பாடு பண்ணாங்க. மேல்மலை ஊருக்கெல்லாம் போன் லைன் மழைக்கு மழை அறுந்து கெடக்கும், செல்போன் வந்துட்டாலும் அங்க சிக்னல் கெடையாது. அதனால கவுஞ்சியில ஒரு சின்னக் கட்டடம், உள்ள ஒரு கம்ப்யூட்டர், பின்னால மேட்டுல இரும்புக் கம்பம், அதுல ஒரு ரேடியோப் பொட்டி, அங்கருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். இடையில ஒரு மொட்டப் பாறையில இன்னொரு கம்பம். அது வழியா ஆபீசுல இருந்து தெனம் விடியக்காலம் சேதி போகும்: இன்னைக்கு சங்கத்து லாரி வருமா வராதா, கேரட் வேணுமா பீன்ஸ் வேணுமா. அத ஒருத்தர் மைக்குல படிக்கணும். ஊர்ல அதுக்கு சேதி ரூம்னு பேரு வந்துருச்சு. அந்தப் படிக்கிற வேலைய எங்கண்ணனுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். கட்டடத்துக்குப் பின்னாலயே குடியிருக்க ரெண்டு ரூம். தனி வாசல், தனிக் குழாய். மொத நாளு அண்ணி அந்தக் குழாயத் தொறந்து தொறந்து மூடிப் பாத்தாங்க. எங்க பரம்பரையிலயே அடுத்தவங்க சொவத்துல ஒட்டாத மொத வீடு அது. அந்த வீடு அவங்களுக்கு நிக்குமா நிக்காதாங்கிறதுதான் அன்னைக்கு நான் ஜீப்புல போகும்போது என் நெஞ்சக் கரண்டுன கேள்வி. கை ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கலாம்.

சேதி தப்பாப் போச்சுன்னா என்ன ஆகும்னு மலையில இல்லாதவங்களுக்குச் சொல்லணும். லாரி வருதுன்னு படிச்சா விடிஞ்சும் விடியாம ஊரே காட்டுல எறங்கி கேரட்டப் புடுங்கும். ஓடையில போட்டு மிதிச்சுக் கழுவும். கழுவாத கேரட்டு மண்ணுக்குள்ள எத்தன நாளும் கெடக்கும். கழுவிட்டா அவ்வளவுதான், வெரசா மார்க்கெட்டுக்குப் போகணும், இல்லன்னா மூட்டையிலயே வெந்து கொழகொழன்னு ஆயிரும். அந்த வாரத்துல ரெண்டாவது தடவையா லாரி வருதுன்னு அண்ணன் மைக்குல படிச்சிருக்கான், ஊரே கழுவிக் கட்டியிருக்கு, லாரி வரல. ரெண்டு நாளும் "இன்னைக்கு லாரி இல்ல"ன்னுதான் ஆபீசுல இருந்து அனுப்புனாங்க. அனுப்புனத என் கண்ணால பாத்தேன். மொதத் தடவ ஆனப்பவே, கவுஞ்சி மெஷின் அன்னைக்குச் சேதியக் கேக்கவே இல்லன்னு எங்க பக்கம் பதிவாகியிருந்துச்சு. மழையில லைன் போயிருக்கும்னு ஆபீசுல எல்லாரும் விட்டுட்டாங்க.

பஸ் நிக்கிற எடத்துக்கு வரும்போதே நாத்தம் அடிச்சுது. ரோட்டோரம் ஒரு பக்கம் மொதத் தடவ அழுகுன கேரட் மூட்ட, ஒழுகிக்கிட்டு, மறு பக்கம் இன்னைக்குக் கழுவுனது. அதத் தாண்டி சனம்.

சேதி ரூமுக்கு எதுத்தாப்புல இருந்த கரண்டுக் கம்பத்துல அண்ணன லாரிக் கயித்தால சுத்திக் கட்டியிருந்தாங்க. மேல் ஒதடு கிழிஞ்சு பல்லுத் தெரிஞ்சுது. ஒரு கண்ணு மூடிக் கெடந்துச்சு. வலது கை முழங்கைக்குக் கீழ இருக்கக் கூடாத எடத்துல மடங்கியிருந்துச்சு. அண்ணிய நாலு பொம்பளைங்க சேந்து புடிச்சிருந்தாங்க, அவங்க கையில ஒரு கல்லு. புள்ளைங்கள யாரோ வீட்டுக்குள்ள போட்டுக் கதவ வெளிய சாத்தியிருந்தாங்க. உள்ள இருந்து ரெண்டும் கத்துற சத்தம்.

கம்பத்துக்குப் பக்கத்துல மம்பட்டிக் காம்போட நின்னாரு ஊர்த்தலைவரு. ஊர்லயே பெரிய காடு அவருது. ரெண்டு தடவையும் அதிகமா வீணாப் போனது அவரு கேரட்டு. அந்தக் காம்பப் பாத்தேன், அண்ணன் கையப் பாத்தேன். கொடைய மடக்கி அந்தாளு காதோட சேத்து ஒண்ணு போட்டேன். திரும்புனாரு. மூக்குல ரெண்டாவது. கொட ஒடஞ்சு போச்சு.

"அடிப் பொட்டச்சி!"ன்னு அவரு என் கன்னத்துல விட்ட அறையில எனக்குக் காதுக்குள்ள கீய்ன்னு கேட்டுச்சு. வாயில ரத்தம். அந்தக் கைய விடல நான், கட்டவெரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல பல்லப் பதிச்சேன். எவனோ என் முடியப் புடிச்சு இழுத்தான், எவளோ முதுகுல குத்துனா, நான் காலால ஒதச்சதுல ஒருத்தன் மூட்ட மேல போயி விழுந்தான். கேரட்டும் சேறும் செருப்புமா ஒரே அமளி. நான் பொம்பளைங்கிறதால மெல்ல அடிச்சாங்கன்னு நெனைக்காதீங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.

கடைசியில மூச்சு வாங்கி எல்லாருமா நின்னப்ப தலைவரு துண்டால மூக்கத் தொடச்சுக்கிட்டுக் கேட்டாரு. "ஏவாரி ஆளு ஒங்கண்ணன். சங்கத்து லாரிய ஒழிக்கணும்னு தனி ஏவாரி வச்ச ஆளு. இல்லன்னா ரெண்டு தடவ எப்புடி மாத்திப் படிப்பான்?"

"சிலோன்காரப் பயலுக்கு நம்ம கேரட்டு அழுகுனா எங்க வலிக்கப் போகுது"ன்னு பின்னால ஒரு கொரலு.

"மெஷின்ல என்ன இருந்துச்சோ அதத்தான் படிச்சேங்க"ன்னான் அண்ணன். ஒதடு கிழிஞ்சிருந்ததால பேச்சு கொழகொழன்னு வந்துச்சு. அத அவன் காலையில இருந்து எத்தன தடவ சொல்லியிருப்பானோ, ஒருத்தரும் காதுல வாங்கல.

"அப்ப மெஷின ஒடைங்கடா"ன்னு ரெண்டு பேரு மம்பட்டியோட சேதி ரூமுக்குள்ள போனாங்க. ஓடிப் போயி வாசல்ல குறுக்க நின்னேன்.

"ஒடைங்க. நல்லா ஒடைங்க. இன்னைக்கு நடந்ததப் பாத்த ஒரே சாட்சி அதுதான். அத ஒடச்சுட்டா எங்கண்ணன வேணும்னே அடிச்சோம்னு நீங்களே சொன்ன மாதிரி. என் மண்டைய மொதல்ல ஒடச்சுட்டு உள்ள போங்க."

மம்பட்டி வச்சிருந்தவன் தலைவரத் திரும்பிப் பாத்தான். தலைவரு யோசிச்சாரு. சாயங்கால பஸ்ஸு வர்றதுக்குள்ள மெஷின்ல தப்பு எங்கன்னு நான் காட்டணும், இல்லன்னா அண்ணன் குடும்பத்தோட அந்த பஸ்ஸுல போயிரணும், மெஷின் ஓடையில போகும்னாரு. அதுவரைக்கும் ஜீப்பு அண்ணன ஆசுபத்திரிக்கு ஏத்திட்டுப் போகக் கூடாதாம். கட்ட அவுக்கணும்னு மட்டும் நான் புடிவாதமா நின்னேன். அவுத்தாங்க. அண்ணி ஒரு பழப்பெட்டிப் பலகைய ஒடச்சு, சேலைத் தலப்பக் கிழிச்சு, அண்ணன் கைய வச்சுக் கட்டுனாங்க. ஒரு சத்தம் போடல அவன். எனக்கு அது அடிய விட எரிச்சலா இருந்துச்சு. கத்தித் தொலையேன்டா, கேக்குறவங்களுக்காவது ஒறைக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர ஓட்டுறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ். மெட்ராஸுல இருந்து வந்த ரெண்டு இஞ்சினியருங்க போட்டுக் குடுத்தது. நான் வாயில ரத்தத்தத் துப்பிட்டு ஒக்காந்தேன். சன்னல் பூரா மூஞ்சி.

மொதல்ல லைன் இருக்கான்னு பாத்தேன். ஆபீசு மெஷின இங்கருந்து ஒரு கொரல் கூப்புட்டா ஒடனே பதில் வருது. சேதி வாங்குற புரோகிராம என் கையால ஓட்டுனேன். கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள "இன்னைக்கு லாரி இல்ல"ன்னு வந்து நின்னுச்சு. நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு! கெட்டுப் போன மெஷின்னா காட்டிரலாம், நல்லா ஓடுற மெஷின வச்சுக்கிட்டு என்னத்தக் காட்ட?

"இப்ப சரியாத்தான காட்டுது? அப்ப காலையில இவன்தான மாத்திப் படிச்சான்?" சன்னல்ல இருந்து ஒருத்தன். சனம் மொனங்க ஆரம்பிச்சுது.

மெஷின அமத்தித் திரும்ப எழுப்புனேன். சரியான சேதிதான் வந்துச்சு. இன்னொரு தடவ எழுப்புனேன். அப்பவும் சரியாத்தான் வந்துச்சு. பின்னால ஒரு கல்லு வந்து கண்ணாடி சில்லுச் சில்லாச் செதறி என் மடியில விழுந்துச்சு. ஒரு சில்லு புறங்கையில குத்தி நின்னுச்சு. புடுங்கி எறிஞ்சுட்டு, எவன்டா அவன்னு கேட்டேன்.

அப்புறந்தான் காலையில மெஷின் தனக்குத்தானே எழுதி வச்சிருந்த குறிப்பத் தொறந்தேன். லினக்ஸு எந்திரிக்கும்போது ஒண்ணொண்ணா எழுப்பும். மொதல்ல நெட்வொர்க்கு, அதுக்கப்புறம் அத நம்பியிருக்கிற மத்த வேலைங்க. வரிசையெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தாங்க. ஆனா நெட்வொர்க்க எழுப்பிட்டேன்னு மெஷின் சொல்றது வேற, நெட்வொர்க்கு நெசமாவே முழிச்சிருச்சாங்கிறது வேற. காலைக் குறிப்புல நெட்வொர்க்கு வரியில, வயரே இல்ல, பாத்துக்கோன்னு எழுதியிருந்துச்சு. அதுக்கு அடுத்த வரியே சேதி புரோகிராமு: ஆபீசு கெடைக்கல, பழசயே வச்சுக்கிட்டேன். அம்புட்டுதான். ஒரு தடவ கேட்டுட்டு, பதில் இல்லன்னதும் கடைசியா வாங்கி வச்சிருந்த பழைய சேதிய எடுத்துத் திரையில காட்டிருச்சு. அதுல தேதி போடணும்னு கூடத் தோணல அந்த மெட்ராஸு மகராசனுங்களுக்கு.

வயர் இல்லையா? என் கண்ணு முன்னால வயர் கெடக்கு. வெளிய படியில ஒக்காந்திருந்தவனக் கேட்டேன். "அண்ணே, காலையில எந்திரிச்சதுல இருந்து நீ என்ன செய்வேன்னு ஒண்ணு விடாமச் சொல்லு."

"வெள்ளனே எந்திரிப்பேன். மெஷினப் போடுவேன். அப்புறம் மேட்டுக்கு ஏறிப் போயி கம்பத்துப் பொட்டியில வயர மாட்டுவேன். எறங்கி வந்து படிப்பேன்."

"வயர ஏன் காலையில மாட்டுற? அது எப்பவும் மாட்டித்தான இருக்கணும்?"

"ராத்திரி மாட்ட ஏலாதே புள்ள. ஊர்க்கட்டுப்பாடு."

இது எனக்குத் தெரியாது. மேல்மலையில இடின்னா சும்மா இல்ல. வானம் கறுத்தாலே டிவி ஆன்டெனா வயரப் புடுங்கி சன்னலுக்கு வெளிய வீசிருவாங்க, இடி வயர் வழியா வீட்டுக்குள்ள வந்துரும்னு. கம்பம் நட வந்தப்ப ஊர் கூடிப் பேசியிருக்காங்க. பொழுது சாஞ்சா கம்பத்தடியில வயரக் கழட்டிரணும், காலையில வெளிச்சம் நல்லா விழுந்தப்புறந்தான் மாட்டணும், அப்பத்தான் கம்பத்த நட விடுவோம்னு தலைவரு தீத்துச் சொல்லியிருக்காரு. சங்கத்துல இருந்து போனவங்க அவங்ககிட்டத் தலைய ஆட்டிட்டு, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல.

அண்ணனுக்குத் தோட்டத்துப் பழக்கம். விடிஞ்சதும் பேரு கூப்புடுற பெரட்டுக்கு நிக்கிற மாதிரி, மெஷின மொதல்ல எழுப்பி நிறுத்திருவான். அப்புறந்தான் வெளிச்சம் பாத்து மேட்டுக்குப் போவான். பழைய மெஷின் கெழட்டு மாடு, அது எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள இவன் மாட்டிட்டு எறங்கி டீயும் குடிச்சுருவான். ஒரு நாளும் தப்புனது இல்ல. அந்த வாரந்தான் சங்கத்துல புது மெஷின் குடுத்திருந்தாங்க. மின்னல் வேகம். கொண்டாந்து மாட்டுன அன்னைக்கு "லாரி வருது"ன்னு வாங்குனதுதான் அது கடைசியா வாங்குன சேதி. இவன் பாதிப் படி ஏறும்போதே அது எந்திரிச்சு, கேட்டு, பதில் இல்லன்னு முடிவு பண்ணி, பழசக் காட்டிரும். மத்த நாள்ல லாரி நெசமாவே வந்துச்சு. பழசும் புதுசும் ஒண்ணா இருந்ததால எவனுக்கும் தெரியல. லாரி வராத ரெண்டு நாளுதான் குட்டு வெளிய வந்துச்சு.

நான் வெளிய வந்து இத சனத்துக்குச் சொன்னேன். ஒருத்தருக்கும் வெளங்கல. இங்கிலீசு எழுத்தக் காட்டி எங்கள ஏமாத்துறியான்னு ஒருத்தன் கேட்டான். சொல்லிப் பிரயோசனம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு.

"சரி. நேத்து சாயங்காலம் கழட்டுன மாதிரியே மேல வயரக் கழட்டுங்க. மெஷின அமத்துறேன். நான் மெஷினப் போட்டாச்சுன்னதும் தலைவரு ஓடிப் போயி வயர மாட்டட்டும். எங்கண்ணன் போற அதே வழி, அதே படி. மாட்டிட்டு வந்து என்ன சேதின்னு அவரே பாக்கட்டும்."

"நான் எதுக்கு ஓடணும்?"

"ஓடத்தான் வேணும். கைய ஒடைக்கத் தெம்பு இருந்துச்சுல்ல?"

சனத்துல நாலு பேரு சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவரால மாட்டேன்னு சொல்ல முடியல. அந்த நேரம் லைன் நல்லா இருந்ததாலத் தப்பிச்சேன். கம்ப்யூட்டர் வழியா அவங்களக் கூப்புட்டு, வேற ஒரு சேதி அனுப்பி வைக்கச் சொன்னேன்: "நாளைக்கு பீன்ஸ் மட்டும்." அது வந்தா புதுசு, வரலேன்னா பழசு. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டு மெஷின அமத்துனேன். வயரக் கழட்டுனாங்க.

"போட்டாச்சு!"ன்னு கத்துனேன். வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு அந்தாளு ஓடுனாரு. மூணாவது படியில சேறு வழுக்கி முட்டி தேய விழுந்தாரு. எந்திரிச்சு, மேட்டுல ஏறி, மாட்டிட்டு, இடுப்பப் புடிச்சுக்கிட்டு எறங்கி வந்து திரையப் பாத்தாரு. "இன்னைக்கு லாரி இல்ல"ன்னு பழைய சேதிதான் நின்னுச்சு. பீன்ஸ் இல்ல.

"வழுக்கிருச்சு"ன்னாரு.

"வாஸ்தவந்தான். ஊர்லயே வெரசா ஓடுறவன் எவன்? அவன அனுப்புங்க."

வயரத் திரும்பக் கழட்டி மெஷின அமத்துனோம். தலைவரோட தம்பி மகனே வந்தான், காட்டெருமய வெரட்டி ஓடுற எளவட்டம். ஆடு மாதிரி தாவி ஏறுனான். மெஷின் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டிட்டேன்னு மேல இருந்து கத்துனான். எறங்கி வந்து பாத்தா அவனுக்கும் பழைய சேதிதான். மாட்டுனா மட்டும் போதாதுப்பா, கம்பத்துப் பொட்டி முழிச்சு, மொட்டப் பாறைக் கம்பத்தக் கண்டுபுடிச்சு, அது ஆபீசத் தொடணும், அதுக்கு நேரம் ஆகும்னு சொன்னேன். இப்ப சனத்துக்கு வெளங்குச்சு. மூஞ்சிய வச்சே தெரிஞ்சுது.

"இப்பச் சொல்லுங்க. கம்பம் அங்கயே இருக்கு, கயிறும் இருக்கு. யாரக் கட்டலாம்?"

அந்தத் தம்பி மகன்தான் திரும்பி, "வயரக் கழட்டச் சொல்லிக் கட்டுப்பாடு போட்டது நீங்கதான பெரியப்பா? எங்க காட்டுக் கேரட்டும் போச்சே!"ன்னு தலைவரு துண்டப் புடிச்சு இழுத்தான். அவரு அவன அறைஞ்சாரு. அவன் தள்ளுனான். மூட்டைக மேல மல்லாந்து விழுந்தாரு, சாக்கு கிழிஞ்சு அழுகுன கேரட்டு அவரு மேல சரிஞ்சுது. இன்னும் ரெண்டு பேரு மிதிக்கப் போனாங்க. எனக்குப் பாக்கச் சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாப் போடுங்கடான்னுதான் இருந்துச்சு.

"விடுங்கப்பா. வயசான மனுசன்." அது எங்கண்ணன். கிழிஞ்ச ஒதட்டோட. கட்டி வச்சு அடிச்சப்ப ஒருத்தன் அப்படிச் சொல்லல இவனுக்கு.

நான் உள்ள போயி வேலையப் பாத்தேன். சின்ன வேலதான். நெட்வொர்க்கு வந்துருச்சுன்னு மெஷின் சொல்றத நம்பாத, ஆபீசக் கூப்புட்டுப் பாரு, பதில் வர்ற வரைக்கும் நில்லு, திரும்பத் திரும்பக் கூப்புடு, வந்தப்புறம் மட்டும் சேதிய வாங்கு. அது வரைக்கும் "சேதி இன்னும் வரல"ன்னு மட்டும் காட்டு. பழசக் காட்டவே கூடாது. தேதிய மேல பெருசாப் போடு. புறங்கை ரத்தம் கீபோர்டெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. வயரக் கழட்டிப் போட்டு எழுப்புனேன். "சேதி இன்னும் வரல"ன்னு பொறுமையா நின்னுச்சு. ஊரே சன்னல்ல எட்டிப் பாக்க, வயர மாட்டுனோம். கொஞ்ச நேரங்கழிச்சு, "நாளைக்கு பீன்ஸ் மட்டும்." ஒரு கெழவரு கையெடுத்துக் கும்பிட்டாரு, எனக்கா மெஷினுக்கான்னு தெரியல. பின்னாடி ஒரு நாள் மெட்ராஸு இஞ்சினியரப் போன்ல புடிச்சுக் கேட்டேன். "எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணப்ப நல்லா ஓடுச்சே மேடம்"னாரு. அவன் ஆபீசுல வயர எவன் கழட்டப் போறான்? அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு அவரு அப்புறம் என் போனையே எடுக்கல.

ஜீப்ப வாசலுக்கே கொண்டாந்தாங்க. ஒருத்தி சுடுதண்ணி வச்சாந்து அண்ணன் மூஞ்சியத் தொடச்சா. நான் வந்தப்ப இவளுந்தான் அண்ணியப் புடிச்சிருந்தா. புள்ளைங்களத் தொறந்து விட்டாங்க, ரெண்டும் ஓடி வந்து அப்பன் மேல விழாம, கையப் பாத்துட்டு எட்டியே நின்னுச்சுக. எனக்கு மனசு லேசாயிருச்சு. வீடு நின்னுருச்சுன்னு நெனச்சேன்.

தலைவரு வந்தாரு. நாலு பெரிய மனுசங்களோட. வேட்டி பூராச் சேறு, மூக்கு வீங்கியிருந்துச்சு.

"மெஷின் இருக்கட்டும் தாயி. வயரும் இனிமே கழட்ட வேண்டாம்னு பேசிட்டோம். தப்பு எங்க மேலதான், ஒத்துக்கிறோம். கை வைத்தியத்த ஊரே பாத்துக்கும்."

"சரி."

"ஆனா ஒங்கண்ணன் இங்க வேண்டாம். வேற யாரயாவது போடச் சொல்லு."

எனக்கு மொதல்ல காதுல சரியா விழலையோன்னு தோணுச்சு, அறைஞ்ச காது அது. "என்ன சொல்றீங்க? அவன் மேல தப்பு இல்லன்னு இப்பத்தான ஒங்க கண்ணால பாத்தீங்க?"

"அதனாலதான் தாயி. தப்புப் பண்ணவன அடிச்சிருந்தா, அடி வாங்கிட்டு ஊருலயே கெடன்னு விட்டுரலாம். பண்ணாதவனக் கட்டி வச்சு அடிச்சுட்டோம். தெனம் விடிஞ்சா அந்த மூஞ்சியப் பாத்து, அந்த வாயால சேதி கேட்டுக் காட்டுக்குப் போகணும். யாரால முடியும்? நல்லாவா இருக்கும்?"

தண்ணி வச்சாந்தவ சட்டியத் தூக்கிக்கிட்டு நகந்துட்டா. தம்பி மகன் தரையப் பாத்தான். கம்பத்தடியில கெடந்த மம்பட்டிக் காம்ப நான் எடுத்துட்டேன். ஓங்கி நின்னேன், ஒரு வார்த்த, எங்கண்ணன் வாயில இருந்து ஒரே ஒரு வார்த்த வரட்டும், இந்த ஊரையே ரெண்டாக்கிருறேன்னு அவன் மூஞ்சியப் பாத்தேன்.

அவன் படியில இருந்து எந்திரிச்சான். தோள்ல கெடந்த துண்ட இடது கையால எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டான்.

"சரிங்க. கதவுச் சாவிய யாருகிட்டக் குடுக்கணுங்க?"

அண்ணி வீட்டுக்குள்ள போனாங்க. குழாயடியில இருந்து பாத்திரம் அடுக்குற சத்தம் கேட்டுச்சு. நான் காம்பக் கீழ போட்டுட்டு, போயி, அவன் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டேன். கட்டுப் போட்ட கை ஆடிருச்சு.

"மெல்லப் புள்ள"ன்னான். "கை வலிக்குது."